வீட்டுக்குள் பீர் குழாய்! பூட்டுப் போடும் அமெரிக்கப் பெற்றோர்கள்

குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும். இது உலகம் அறிந்த விஷயம்.

அமெரிக்காவில் சில வீடுகளில் குழாயைத் திறந்தால் பீர் வருகிறது!

நுரை பொங்கப் பொங்க, ஜில் என்று கொட்டுகிறது. நடுராத்திரி ஆனாலும் கொட்டும். வீட்டுக்காரர் வெளியூர் போய் இருந்தாலும் கொட்டும்.

கைப்பிடியை இழுப்பவர் யார் என்று குழாய் பார்ப்பது இல்லை. அப்பா இழுத்தாலும் பீர் வரும். 15 வயது மகன் இழுத்தாலும் வரும். நாற்காலி மேல் ஏறி 4 வயதுக் குழந்தை இழுத்தாலும் வரும்.

அதனால் பல பெற்றோர்கள் இந்தக் குழாய்க்குப் பூட்டுப் போடுகிறார்கள்.

குழாய்க்குப் பூட்டா? ஆமாம்! அதற்கென்றே பூட்டுகள் செய்து விற்கிறார்கள். சாவி போட்டுத் திறக்கும் பூட்டு உண்டு. அட்டையைக் காட்டினால் திறக்கும் மின்சாரப் பூட்டும் உண்டு.

ஆனால் பூட்டு வாங்கி மாட்டிவிட்டால் கவலை தீர்ந்ததா? இல்லை. இந்தப் பெட்டிக்கு ஒரு வழி அல்ல, இரண்டு வழி இருக்கிறது. ஒன்றை மட்டும் பூட்டி ஏமாந்தவர்கள் உண்டு.

பெட்டிக்குள் பீப்பாய்

இந்தப் பெட்டியின் பெயர் "கெகரேட்டர்."

"கெக்" என்றால் பீப்பாய். "ரெப்ரிஜிரேட்டர்" என்றால் ஐஸ் பெட்டி. இரண்டு சொல்லையும் ஒட்டி ஒரே பெயர் ஆக்கிவிட்டார்கள்.

வெளியே பார்த்தால் சாதாரண ஐஸ் பெட்டி போலவே இருக்கும். கதவைத் திறந்தால் பாலும் காய்கறியும் இருக்காது. எவர்சில்வர் பீப்பாய் ஒன்று உட்கார்ந்து இருக்கும். பக்கத்தில் ஒரு சிறிய உருளை. அதில் கரியமில வாயு அடைத்து இருக்கும். சோடாவில் பொங்குகிறதே, அதே வாயுதான்.

வாயு பீப்பாய்க்குள் போய்ப் பீரை அழுத்தும். அழுத்தியதும் பீர் ஒரு மெல்லிய ரப்பர் குழல் போன்ற குழல் வழியாக மேலே ஏறும்.

பெட்டியின் தலையில் ஒரு சிறிய தூண். தூணில் குழாய். குழாயின் உச்சியில் ஒரு கைப்பிடி. கைப்பிடியை முன்பக்கம் இழுத்தால் பீர் கொட்டும். பின்னால் தள்ளினால் நிற்கும். அவ்வளவுதான்.

சிலர் இதைக் கடையில் வாங்குகிறார்கள். சிலர் பழைய ஐஸ் பெட்டியில் துளை போட்டுத் தாங்களே செய்துகொள்கிறார்கள். வீட்டின் நிலவறையிலோ, கார் நிறுத்தும் கொட்டகையிலோ வைக்கிறார்கள்.

வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்களும் அங்கே அதிகம். அதற்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. 1978-ம் ஆண்டு அக்டோபர் 14-ந் தேதி ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் அந்த மசோதாவில் கையெழுத்துப் போட்டார். வயது வந்தவர்கள் இரண்டு பேர் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 200 காலன் வரை வரி இல்லாமல் காய்ச்சிக்கொள்ளலாம். அதாவது 757 லிட்டர். அதை விற்கக் கூடாது. வீட்டுக்கு மட்டும்தான்.

காய்ச்சிய பீரைப் பாட்டில் பாட்டிலாக அடைப்பது பெரிய வேலை. பீப்பாயில் ஊற்றிக் குழாய் போட்டால் வேலை மிச்சம். கெகரேட்டர் வீடுகளுக்குள் நுழைய இதுவும் ஒரு காரணம்.

165 கிளாஸ்!

பெரிய பீப்பாய் ஒன்றில் எவ்வளவு பீர் இருக்கும்?

15½ காலன். 58 லிட்டருக்கு மேல். 355 மில்லி பிடிக்கும் கிளாசில் ஊற்றினால் 165 கிளாஸ் வரும்! பீப்பாயோடு சேர்த்து எடை சுமார் 72 கிலோ. ஒரு பெரிய ஆளின் எடை.

சிறிய பீப்பாயில் 5 காலன். அதுவே 53 கிளாஸ்.

ஒரு கிளாஸ் பீரில் என்ன இருக்கிறது? 100 பங்கில் சுமார் 5 பங்கு சாராயச் சத்து. 355 மில்லி குடித்தால் 14 கிராம் சாராயச் சத்து உடம்புக்குள் போகும்.

ஆபத்து எங்கே இருக்கிறது என்றால், கணக்கில் இருக்கிறது.

பாட்டிலை எண்ணலாம். காலையில் 6 பாட்டில் இருந்தது. மாலையில் 5 இருக்கிறது. ஒன்று எங்கே என்று கேட்கலாம். காலிப் பாட்டில் குப்பைத் தொட்டியில் கிடந்து காட்டிக்கொடுக்கும்.

பீப்பாய் காட்டிக்கொடுக்காது. 165 கிளாசில் 2 கிளாஸ் குறைந்தால் யாருக்குத் தெரியும்? பீப்பாயின் உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. காலிப் பாட்டில் இல்லை. மூடி இல்லை. கிளாசைக் கழுவிக் கவிழ்த்துவிட்டால் தடயமே இல்லை!

வீட்டில் பாட்டில் வைத்து இருப்பவருக்கு வராத கவலை, குழாய் வைத்து இருப்பவருக்கு வருவது இதனால்தான்.

இன்னொரு தொல்லையும் உண்டு. நன்றாக அமைத்த குழாயில் நிமிடத்துக்குச் சுமார் 1 காலன் பீர் வரும். பெரும்பாலான குழாய்களில், இழுத்த கைப்பிடி தானாகத் திரும்பாது. சிறு குழந்தை இழுத்துவிட்டு ஓடினால், கால் மணி நேரத்தில் பெரிய பீப்பாய் ஏறக்குறைய முழுவதும் தரையில் ஓடிவிடும்!

இதற்கு ஒரு சிறிய சுருள்வில் கிடைக்கிறது. அதைக் குழாயில் மாட்டினால் கையை எடுத்தவுடன் கைப்பிடி தானாகப் பின்னால் போய்விடும். தரை தப்பிக்கும். குழந்தை தப்பிக்குமா? அதற்குப் பூட்டு வேண்டும்.

குழந்தை குடித்துவிட்டால்?

பெரியவர்களுக்கு ஒரு கிளாஸ் பீர் சாதாரணமாக இருக்கலாம். 15 கிலோ எடை உள்ள குழந்தைக்கு அது சாதாரணம் அல்ல.

சாராயச் சத்து, ஈரல் சர்க்கரை உண்டாக்குவதைத் தடுக்கிறது. சிறு குழந்தையின் ஈரலில் சேமிப்புச் சர்க்கரை கொஞ்சம்தான் இருக்கும். அதனால் ரத்தத்தில் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடலாம். குழந்தை தூங்கி விழும். வாந்தி எடுக்கும். உடம்பு சில்லிடும். வலிப்பு வரலாம். மூச்சு மந்தம் ஆகலாம்.

"தூங்கினால் தெளிந்துவிடும்" என்று விடுவது பெரிய தவறு. உடனே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அமெரிக்காவில் விஷம் சாப்பிட்டவர்களுக்கு வழி சொல்லவே இரவு பகலாக இயங்கும் டெலிபோன் நிலையங்கள் இருக்கின்றன. தாய்மார்கள் அந்த எண்ணை ஐஸ் பெட்டிக் கதவிலேயே ஒட்டி வைப்பது உண்டு.

பள்ளிக்கூடம் போகும் வயதுப் பிள்ளைகளின் கதை வேறு. அவர்கள் தெரியாமல் குடிப்பது இல்லை. தெரிந்தே குடிப்பார்கள். தனியாகவும் குடிப்பது இல்லை. நண்பர்களையும் கூட்டிவருவார்கள். குடித்த பிறகு காரை எடுப்பார்கள்.

அங்கேதான் விபரீதம்.

ஒரு தாயின் போராட்டம்

1980-ம் ஆண்டு மே மாதம். கலிபோர்னியா மாநிலம்.

காரி லைட்னர் என்ற 13 வயதுச் சிறுமி தெரு ஓரமாக நடந்து போய்க்கொண்டு இருந்தாள். குடிபோதையில் ஒருவன் ஓட்டி வந்த கார் அவள் மீது மோதியது. சிறுமி இறந்துபோனாள்.

தாய் கேண்டி லைட்னர் கண்ணீர் வடித்ததோடு நிற்கவில்லை. "குடித்து வண்டி ஓட்டுவதை எதிர்க்கும் தாய்மார்கள்" என்று ஒரு சங்கம் தொடங்கினார். தாய்மார்கள் திரண்டார்கள். நாடு முழுவதும் கிளைகள் முளைத்தன.

அந்தக் காலத்தில் மது வாங்கும் வயது மாநிலத்துக்கு மாநிலம் வேறாக இருந்தது. சில மாநிலங்களில் 18; சிலவற்றில் 19; சிலவற்றில் 21. ஒரு மாநிலத்துப் பையன் எல்லை தாண்டிப் போய்க் குடித்துவிட்டு, அதே போதையில் காரை ஓட்டித் திரும்புவான்.

1984-ம் ஆண்டு ஜூலை 17-ந் தேதி ஜனாதிபதி ரீகன் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். "21 வயது ஆகாதவர்கள் மது வாங்க இடம் கொடுக்கும் மாநிலங்களுக்கு, சாலைப் பணத்தில் ஒரு பங்கு வெட்டு" என்றது அந்தச் சட்டம்.

தெற்கு டகோட்டா மாநிலம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 1987-ல் தீர்ப்பு வந்தது. சட்டம் செல்லும்! மறு ஆண்டுக்குள் எல்லா மாநிலங்களும் வழிக்கு வந்துவிட்டன.

ஆனாலும் வீட்டுக்குள் என்ன விதி என்பதில் மாநிலத்துக்கு மாநிலம் வித்தியாசம் உண்டு. விஸ்கான்சின் போன்ற சில மாநிலங்களில் தாய் தகப்பன் உடன் இருந்தால் பிள்ளை குடிக்கலாம். அப்படி உள்ள இடத்திலும், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஊற்றிக்கொடுக்க உரிமை இல்லை.

பல மாநிலங்களில் இன்னும் கடுமை. வீட்டில் பிள்ளைகள் கூடிக் குடித்தால் வீட்டுக்காரர் பதில் சொல்ல வேண்டும். அபராதம் வரலாம். கோர்ட்டுக்கு இழுக்கலாம். அந்தப் பிள்ளைகளில் ஒருவன் காரை மோதிவிட்டால் நஷ்டஈடு வழக்கும் வரலாம்.

"நான் ஊற்றிக்கொடுக்கவில்லையே! குழாய்தானே கொட்டியது?" என்று தகப்பனார் சொன்னால் எல்லாக் கோர்ட்டும் கேட்டுக்கொள்ளாது.

பலகை தடுக்குமா?

"குழாயில் ஒரு பலகை தொங்கவிட்டால் போதாதா? பிள்ளைகள் தொடக் கூடாது என்று எழுதி வைக்கலாமே!" என்று சிலர் கேட்கலாம்.

இதற்கு நியூயார்க் நகரத்துப் பழைய கதை ஒன்று பதில் சொல்கிறது.

அப்போது வீட்டுக்குப் பீர் வேண்டும் என்றால், பிள்ளையின் கையில் ஒரு வாளியைக் கொடுத்துச் சாராயக் கடைக்கு அனுப்புவார்கள். கடைக்காரன் பீப்பாய்க் குழாயைத் திறந்து வாளியை நிரப்புவான். பிள்ளை தளும்பத் தளும்பத் தூக்கி வரும். வரும் வழியில் ஒரு வாய் குடித்தும் பார்க்கும்!

ஜேக்கப் ரீஸ் என்று ஒரு பத்திரிகை நிருபர். ஏழைகள் வாழும் சந்துகளில் இரவு நேரம் சுற்றி, கண்டதை எழுதுகிறவர். 1890-ல் அவர் வெளியிட்ட புத்தகத்தில் ஒரு காட்சி வருகிறது.

நவம்பர் மாதக் குளிர் ராத்திரி. செருப்பு இல்லாத ஒரு சிறுவன் நடுங்கிக்கொண்டே பாத்திரத்தோடு ஒரு கடைக்குள் போனான். ரீஸ் பின்னாலேயே போனார். "பிள்ளைகளுக்கு விற்பது இல்லை" என்ற பலகை சுவரில் தொங்கிக்கொண்டு இருந்தது. கடைக்காரனோ, பையனுக்கு ஊற்றத் தயாராக நின்றான்! ரீஸ் தடுத்தார். இது என்ன புதுமை என்பது போல் அவன் அவரை ஆச்சரியமாகப் பார்த்தானாம்.

பலகை சுவரில் இருந்தது. கையைப் பிடித்துத் தடுக்க ஆள் இல்லை. அதுதான் கதை.

பணக்காரர் வீட்டுப் பூட்டு

அதே காலத்தில் இங்கிலாந்துப் பணக்காரர்கள் பலகையை நம்பவில்லை. பூட்டை நம்பினார்கள்.

பிராந்தி, விஸ்கி ஊற்றிய கண்ணாடிக் குப்பிகளை ஒரு மரச் சட்டத்தில் வரிசையாக நிறுத்துவார்கள். குப்பிகளின் மூடிக்கு மேலே குறுக்காக ஒரு பட்டை வரும். பட்டைக்குப் பூட்டு. குப்பி கண்ணுக்குத் தெரியும். மூடியைத் திறக்க முடியாது! வேலைக்காரர்களும் வீட்டு இளவட்டங்களும் எடுத்துவிடக் கூடாது என்பதற்கு இந்த ஏற்பாடு. 1881-ல் லண்டன் பெட்ஜெமன் கம்பெனி இதற்குக் காப்புரிமை வாங்கியது. பிற்காலத்தில் இங்கிலாந்தின் அரசவைக் கவிஞர் ஆன ஜான் பெட்ஜெமன் அந்தக் குடும்பத்தில் பிறந்தவர்தான்.

அந்தச் சட்டத்துக்கு வைத்த பெயர் "டாண்டலஸ்."

டாண்டலஸ் என்பவன் கிரேக்கப் புராணத்தில் வரும் ஒரு ராஜா. பாவம் செய்து தண்டனை பெற்றவன். கழுத்து அளவு தண்ணீரில் நிற்பான். குடிக்கக் குனிந்தால் தண்ணீர் வற்றிவிடும். தலைக்கு மேலே பழம் தொங்கும். கை நீட்டினால் கிளை விலகிவிடும்!

இன்றைய பீர் குழாய்ப் பூட்டு அந்த டாண்டலசின் பேரப்பிள்ளைதான்.

எந்தப் பூட்டு நல்லது?

முதல் வகை, பூட்டே இல்லாத பூட்டு. குழாயின் கைப்பிடியைத் திருகினால் கழன்று வந்துவிடும். அதைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடலாம். செலவு இல்லை. சிறு குழந்தைக்கு இது போதும். பெரிய பையனுக்குப் போதாது. கைப்பிடி போனாலும் அதன் அடியில் ஒரு சிறிய இரும்புத் தண்டு நீட்டிக்கொண்டு இருக்கும். விரலாலேயே அதை இழுத்துவிடுவான்.

இரண்டாம் வகை, குழாய்ப் பூட்டு. கைப்பிடியைக் கழற்றிவிட்டு, குழாயின் தலை மேல் ஒரு உலோக உறையைக் கவிழ்த்துச் சாவியால் பூட்ட வேண்டும். தண்டு உறைக்குள் மறைந்துவிடும். அசைக்க முடியாது. விலை சில பத்து டாலர்கள்தான். குழாய்கள் பல வடிவம். பூட்டும் பல வடிவம். தன் வீட்டுக் குழாய்க்குப் பொருந்துமா என்று பார்த்து வாங்க வேண்டும். பொருந்தாத பூட்டை ஆட்டி ஆட்டிக் கழற்றிவிடலாம்.

மூன்றாம் வகை, கதவுப் பூட்டு. ஐஸ் பெட்டிக் கதவில் கொண்டி வைத்துப் பூட்டு மாட்டுவது. சில பெட்டிகளில் கம்பெனியே பூட்டு வைத்து அனுப்புகிறது.

நான்காம் வகை, மின்சாரப் பூட்டு. பீர் வரும் குழலின் நடுவில் ஒரு அடைப்பான் வைப்பார்கள். மின்சாரம் பாய்ந்தால்தான் அது திறக்கும். அட்டை காட்ட வேண்டும். அல்லது ரகசிய எண் அழுத்த வேண்டும். மின்சாரம் நின்றுபோனால் மூடியபடியே இருக்கும் அடைப்பானாகப் பார்த்து வாங்க வேண்டும். பக்கத்தில் அளவு பார்க்கும் கருவி ஒன்றையும் வைக்கலாம். யார், எத்தனை மணிக்கு, எவ்வளவு ஊற்றினார் என்று அது கணக்கு எழுதி வைக்கும்! சில மதுக்கடைகளில் வாடிக்கைக்காரர்கள் தாங்களே ஊற்றிக்கொள்ளும் குழாய்கள் இந்த முறையில் நடக்கின்றன. குறித்த அளவு வந்ததும் குழாய் நின்றுவிடும்.

இரண்டு வழி

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

கதவைப் பூட்டினார் ஒருவர். நிம்மதியாக வெளியே போய்விட்டார். ஆனால் குழாய் கதவுக்குள் இல்லையே! பெட்டியின் தலை மேல் அல்லவா இருக்கிறது? கதவு பூட்டி இருக்கும்போதே கைப்பிடியை இழுத்தால் பீர் வரும்.

இன்னொருவர் குழாயைப் பூட்டினார். கதவை விட்டுவிட்டார். விவரம் தெரிந்த பையன் கதவைத் திறந்தான். உள்ளே இருந்த குழலைக் கழற்றினான். உல்லாசப் பயணத்துக்கு எடுத்துப் போகும் சிறிய கைக் குழாய் ஒன்றைப் பீப்பாயில் மாட்டினான். முடிந்தது கதை!

மூன்றாமவர் வாயு உருளையை மட்டும் மூடினார். அதுவும் பலிக்காது. பீப்பாய்க்குள் ஏற்கெனவே இருக்கும் அழுத்தமே சில கிளாஸ் பீரைத் தள்ளிவிடும்.

அப்படியானால் என்ன செய்வது?

ஒன்று, குழாய்க்கும் பூட்டு, கதவுக்கும் பூட்டு.

அல்லது ஒரே பூட்டில் முடிக்கவும் வழி இருக்கிறது. பீப்பாயின் தலையில் ஒரு இணைப்பு இருக்கும். வாயு உள்ளே போவதும் பீர் வெளியே வருவதும் அதன் வழியாகத்தான். அதன் பிடியைத் தூக்கிவிட்டால் இரண்டும் நின்றுவிடும். குழலில் மிச்சம் இருப்பது ஒரு வாய் பீர்தான். அதையும் வடித்துவிட்டுக் கதவைப் பூட்டினால், மேலே உள்ள குழாயை எத்தனை முறை இழுத்தாலும் ஒரு சொட்டு வராது!

தினமும் செய்ய இது கொஞ்சம் தொல்லைதான். ஊருக்குப் போகும்போதும், பிள்ளைகள் தனியாக இருக்கும்போதும் இதைவிடப் பத்திரமான முறை இல்லை.

பூட்டிலும் ஆபத்து

கொண்டி வைக்கிறேன் என்று கண்ட இடத்தில் துளை போடக் கூடாது. பல ஐஸ் பெட்டிகளின் பக்கச் சுவருக்குள் குளிரூட்டும் குழல்கள் ஓடுகின்றன. துளைக்கருவி அதில் பட்டால் வாயு வெளியேறும். பெட்டி வீணாகும். புதிய பெட்டிகளில் பலவற்றில் இருப்பது தீப்பற்றக்கூடிய வாயு. துளை போடாமல் ஒட்டவைக்கும் கொண்டிகளும் கிடைக்கின்றன.

பழைய ஐஸ் பெட்டியை எடுத்துக் கெகரேட்டர் செய்கிறவர்கள் ஒரு சோக வரலாற்றை அறிந்துகொள்ள வேண்டும்.

அந்தக் காலத்து ஐஸ் பெட்டிக் கதவில் வெளித் தாழ்ப்பாள் இருக்கும். உள்ளே இருந்து திறக்க முடியாது. ஒளிந்து விளையாடும் குழந்தைகள், தூக்கிப் போட்ட பெட்டிகளுக்குள் புகுந்துகொள்வார்கள். கதவு சாத்திக்கொள்ளும். மூச்சு முட்டி இறந்துபோவார்கள். இப்படிப் பல குழந்தைகளை அமெரிக்கா பறிகொடுத்தது.

1956-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் சர்க்கார் சட்டம் போட்டது. உள்ளே இருந்து தள்ளினால் கதவு திறக்க வேண்டும் என்று கட்டளை பிறந்தது. காந்தப் பட்டை வைத்த கதவுகள் பரவியது அதன் பிறகுதான்.

அதனால் கெகரேட்டருக்குப் பூட்டு மாட்டும்போதெல்லாம் உள்ளே ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் பூட்ட வேண்டும். பீப்பாய் இல்லாத காலிப் பெட்டியைத் திறந்து போட்டு வைக்கவே கூடாது. தூக்கி எறியும்போது கதவைக் கழற்றிவிட வேண்டும்.

கரியமில வாயுவும் விளையாட்டுப் பொருள் அல்ல. நிறம் இல்லை. வாசனை இல்லை. காற்றைவிடக் கனம். உருளையில் கசிவு ஏற்பட்டால் தரையோடு தங்கும். காற்று ஓட்டம் இல்லாத சிறிய நிலவறையில் அது ஆளையே மயக்கிவிடும். காற்றோட்டமான இடம்தான் பெட்டிக்கு ஏற்றது.

தராசு பேசும்

பூட்டு போட்டாயிற்று. கணக்கு?

பீப்பாய் காட்டிக்கொடுக்காது என்பது உண்மை. ஆனால் அதன் எடை காட்டிக்கொடுக்கும்.

ஒரு லிட்டர் பீரின் எடை ஒரு கிலோவுக்குச் சற்று அதிகம். ஒரு கிளாஸ் போனால் 360 கிராம் அளவுக்குக் குறையும். பீப்பாயின் அடியில் ஒரு தராசு வைத்து, ராத்திரி ஒரு எண், காலையில் ஒரு எண் குறித்துக்கொண்டால் போதும். 3 கிளாஸ் போனால் ஒரு கிலோவுக்கு மேல் குறைந்து இருக்கும்.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. பிள்ளையின் கணக்கு மட்டும் அல்ல, அப்பாவின் கணக்கும் அதில் வந்துவிடும்!

"தினம் ஒரு கிளாஸ்தான் குடிக்கிறேன்" என்று ஒருவர் உண்மையாகவே நம்பிக்கொண்டு இருப்பார். வாரக் கடைசியில் தராசு வேறு கணக்குச் சொல்லும். குழாயில் ஊற்றும்போது கிளாஸ் காலியாவதற்குள் மறுபடி நிரப்புவது வழக்கம் ஆகிவிடுகிறது. எத்தனை கிளாஸ் என்று அவருக்கே தெரிவது இல்லை.

சாவி எங்கே?

விலை உயர்ந்த பூட்டு வாங்குவார்கள். இரண்டு வழியையும் அடைப்பார்கள். பிறகு சாவியைக் குழாய்க்குப் பக்கத்திலேயே ஒரு ஆணியில் மாட்டுவார்கள்!

ரகசிய எண் பூட்டு என்றால் அப்பாவின் பிறந்த ஆண்டை எண்ணாக வைப்பார்கள். அது பிள்ளைக்குத் தெரியாதா?

சாவி எப்போதும் ஒரு பெரியவரின் உடம்போடு இருக்க வேண்டும். மாற்றுச் சாவி வீட்டுக்கு வெளியே, அல்லது பூட்டிய பெட்டிக்குள் இருக்க வேண்டும். விருந்து நடக்கும்போது குழாய்க்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் நிற்க வேண்டும். விருந்து முடிந்தவுடன் முதல் வேலையாகப் பூட்ட வேண்டும். கிளாஸ் கழுவுவது பிறகு.

சில வீடுகளில் சாவி மனைவியிடம் இருக்கிறது. குடியைக் குறைக்க நினைக்கும் கணவரே அப்படிக் கேட்டுக் கொடுத்துவிடுவது உண்டு. கொஞ்சம் கூடிப்போகிறதே என்று உணர்கிறவருக்கு இது உதவும்.

ஆனால் குடியை அடியோடு விட முயல்கிறவர் இருக்கும் வீட்டில் பூட்டு போதாது. டாண்டலஸ் நிலைமைதான் அவருக்கும். கண்முன் இருக்கும், கைக்கு எட்டாது, மனம் அலைபாயும். அங்கே பூட்ட வேண்டியது குழாயை அல்ல. பீப்பாயையே வீட்டை விட்டு வெளியேற்ற வேண்டும். நெடுநாள் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். ஆகையால் டாக்டரின் யோசனையோடு நிறுத்துவதுதான் பத்திரம்.

பிள்ளைகள் பார்க்கிறார்கள்

பூட்டு திருடனை முழுதாகத் தடுக்காது என்பார்கள். கெகரேட்டர் பூட்டும் அப்படித்தான். கெட்டிக்காரப் பையன் நினைத்தால், ஒரு திருப்புளியும் ஒரு மணி நேரமும் இருந்தால் எதையும் கழற்றிவிடுவான்.

அப்படியானால் பூட்டு எதற்கு?

4 வயதுக் குழந்தைக்கு அது சுவர். நாற்காலி போட்டு ஏறினாலும் தாண்ட முடியாத சுவர்.

15 வயதுப் பையனுக்கு அது ஒரு பேச்சு. "இது உனக்கு இப்போது இல்லை" என்று அப்பா வாயால் சொன்னதைப் பூட்டு தினமும் நினைவூட்டுகிறது. சும்மா இழுத்துப் பார்ப்பது வேறு. பூட்டை உடைப்பது வேறு. முதலாவதை விளையாட்டு என்று சொல்லித் தப்பிக்கலாம். இரண்டாவதைச் சொல்ல முடியாது. அந்த ஒரு நொடி தயக்கத்தில் பல பிள்ளைகள் திரும்பிப் போய்விடுவார்கள்.

ஏன் பூட்டி இருக்கிறது என்பதைப் பிள்ளையிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். 21 வயதுச் சட்டம், கார் விபத்து, மூளை 25 வயது வரை வளர்ந்துகொண்டே இருப்பது, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஏதாவது நேர்ந்தால் வரும் பழி, எல்லாவற்றையும் சொல்லலாம். விளக்கம் இல்லாத பூட்டு ஆசையைத்தான் வளர்க்கும்.

பெட்டியைப் பூட்டிவிட்டுச் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, அப்பா நான்காவது கிளாசையும் குடித்தால், பையன் பார்த்துக்கொண்டுதான் இருப்பான். அவர் ஒரு கிளாசோடு எழுந்து பூட்டிவிட்டுப் போனாலும் பார்த்துக்கொண்டுதான் இருப்பான்.

இரண்டில் எதைப் பார்த்தானோ, அதைத்தான் 21 வயதில் அவன் கைக்குச் சாவி வரும்போது செய்வான்.